ஹாஜ்ஜா வீட்டுப் பெட்டகத்தில் ஒரு கொட்டுக்காரன்

மிஸ்ராத்தா என்கிற அரபு ஊரில் வனீசா என்றொருத்தி இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் அவள் மேசை வழியாகத்தான் போயின. ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதுதான் அவள் பிழைப்பு.

"இருந்தாள்" என்று சொன்னதும் செத்துப்போய்விட்டாள் என்று நினைக்க வேண்டாம். இன்றும் இருக்கிறாள், கல்லுக்குண்டு போல. நாற்பத்தாறு வயது. ஒல்லி உடம்பு, நீள விரல்கள், மூக்கின் நுனியில் கண்ணாடி. அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

அவள் தகப்பனார் தண்ணீர் லாரி ஓட்டியவர். அவர் கைகாலுக்குத் தெம்பு இருந்தபோதே இவளை ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் சேர்த்துவிட்டார். அங்கே ஒருநாள் அட்டைப்பெட்டியில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. யார் அதன் முன்னால் உட்காருவது என்று ஆண்பிள்ளைகள் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். ஒரு மாதத்தில் அது நின்றுபோனது. நின்றதும் சண்டையும் நின்றது, யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வனீசா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெங்காயம் நறுக்கும் கத்தியால் அதன் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பாலைக்காற்று கொண்டுவந்த புழுதி, ஒரு கைப்பிடி. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை வாங்கி வந்து ஊதினாள். எழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் எது நின்றாலும் "வனீசாவைக் கூப்பிடு" என்பார்கள். கூப்பிடுவார்களே தவிர, நன்றி சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

அவள் தம்பி இம்ஹம்மதுக்குப் பெரிய ரோட்டில் ஒரு ரிப்பேர் கடை இருந்தது. அந்தச் சமயத்தில் ஊரில் வேறொரு கடையில் ஒரு கேடு நடந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மணப்பெண்ணின் படம், முக்காடில்லாமல் தலை திறந்திருந்த படம், ஆண்களின் போன்களுக்குப் போய்விட்டது. யார் பெண், எந்தக் கடை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு பெண்கள் தங்கள் கம்ப்யூட்டர் கெட்டால் கடைக்கே கொண்டுபோவதில்லை. ஒருத்தி தன்னுடையதை உரலில் போட்டு இடித்தே விட்டாள். உலக்கைதான் உடைந்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இம்ஹம்மதின் கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதற்குச் சந்துப் பக்கமாகத் தனி வாசல். வனீசா அலுவலக வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்தாள். அறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு கம்பளித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் தம்பி வரக்கூடாது, இருமிவிட்டு அந்தப் பக்கமே நின்று பேச வேண்டும்.

ரிப்பேர் முடிந்ததும் படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டுமே? அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படமெடுக்கிற எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்: முதல் படமாக இனிப்புத் தட்டை எடுங்கள், அதை மட்டும் திறந்து பார்த்துக்கொள்கிறேன். அப்படியே ஆயிற்று. இன்றைக்கும் மிஸ்ராத்தாவில் பெண்கள் பக்கக் கல்யாணப் படமென்றால் முதலில் இனிப்புத் தட்டுதான் வரும். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் என்று சின்னப் பெண்கள் சொல்கிறார்கள். வனீசாவின் வழக்கம் அது, பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

படமெடுக்கிறவர்களில் பெரிய பெயர் திப்ராவுக்கு. மூன்று பிள்ளைக்காரி, முப்பத்தைந்து வயது, சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கல்யாண மண்டபத்தில் பெண்கள் வாசலில் ஒருத்தி பை வைத்துக்கொண்டு நின்று வருகிறவர்களின் போனையெல்லாம் வாங்கி வைப்பாள். அத்தனை பேரும் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போக, கேமராவோடு உள்ளே போகிறவள் திப்ரா ஒருத்திதான். அந்த வாசலைத் தாண்டவிடுகிற நம்பிக்கை ஒன்றுதான் அவள் சொத்து.

அந்த நம்பிக்கைக்கு அவள் ஒரு முறை கடைப்பிடித்தாள். ஒரு கல்யாணத்துக்கு ஒரு ஹார்டு டிஸ்க். படமெல்லாம் வெட்டி ஒட்டி முடிந்ததும் பெண்ணின் தாயை வீட்டுக்கு அழைப்பாள். தாய் பார்க்கப் பார்க்கக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, அந்த டிஸ்க்கை உருவி, கையில் கொடுத்து, "என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல, அல்லா சாட்சி" என்பாள். நகல் கிடையாது. அதனால் அவள் பெட்டிக்குள் சிஸ்டம் இருக்கிற டிஸ்க் ஒன்று நிரந்தரமாக இருக்கும். மற்ற மூன்று இடங்களிலும் டிஸ்க்குகள் கல்யாணத்துக்குக் கல்யாணம் வந்துபோகும், ரொட்டி அடுப்பில் தட்டு மாறுவது போல.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஜ்ஜா மஸ்தூராவின் மகள் கல்யாண டிஸ்க் இப்படிக் கைமாறியது. ஹாஜ்ஜா மஸ்தூரா யார் என்றால், ஹஜ் போய்வந்தவள், எழுபது வயது, பெரிய உடம்பு, பெரிய குடும்பம். அவள் ஒரு கல்யாணத்தில் மூக்கைச் சுளித்தால் அந்தச் சமையல்காரன் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். டிஸ்க்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை கரண்ட் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கரண்ட் வந்ததும் திப்ரா பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே நின்றது. நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: துவங்குவதற்கான டிஸ்க் கிடைக்கவில்லை.

பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு அவளே ஓட்டிவந்தாள். சந்து வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, செத்துடுச்சு."

"யாரு?"

"பெட்டி! வேற யாரு சாவணும் உனக்கு? உள்ள சிஸ்டம் டிஸ்க்ல மூணு கல்யாண வேலை பாதியில கிடக்கு. வியாழக்கிழமை இன்னொண்ணு. பாரு அக்கா, உன் கையைப் பிடிச்சுக்கறேன்."

"கையைப் பிடிச்சா எப்படிப் பாக்கறது? விடு."

வனீசாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பெட்டி எழவில்லையென்றால் ஆளாளுக்கு எதையாவது திருகுவார்கள், அவள் அப்படிச் செய்யமாட்டாள். முதலில் எல்லா டிஸ்க்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தாள். பிறகு பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. உள்ளே இருக்கிற காசு மாதிரி பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, கரண்ட் போய்ப்போய் வந்ததில். புதியது போட்டாள். எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்கிற வரிசையைச் சரியாக அமைத்தாள். சிஸ்டம் டிஸ்க்கை மட்டும் மாட்டினாள். கறுப்புத் திரை. ஒயரை மாற்றினாள். கறுப்பு. வேறு துளையில் சொருகினாள். கறுப்பு. திப்ரா ஒவ்வொரு தடவையும் "யா ரப்பி" என்றாள்.

அடுத்து அந்த டிஸ்க்கைத் தன்னுடைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. சிஸ்டம் இருந்தது, மூன்று கல்யாண வேலையும் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"சாகல," என்றாள் வனீசா. "தூங்குது. எழுப்பத்தான் ஆளில்ல."

"அப்போ எழுப்பு!"

வனீசா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். டிஸ்க் எப்படிப் பங்கு பிரித்திருக்கிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டம் போட்ட டிஸ்க்கின் தலைமாட்டில் ஒரு சின்ன அறை இருக்க வேண்டும். பெட்டி கண்விழித்ததும் முதலில் போய்த் தட்டுகிற அறை அது. இதில் அந்த அறையே இல்லை. இடிந்துபோகவில்லை, கட்டப்படவே இல்லை.

அப்போதுதான் திப்ராவின் போன் அடித்தது. எடுத்ததும் ஹாஜ்ஜா மஸ்தூராவின் குரல். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் கேட்கிற குரல்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? உன் டிஸ்க்கைச் சொருகினா எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்க மாட்டேங்குது. கழட்டினா எழும்புது. சொருகி வச்சுட்டு எழுப்பினா மறுபடியும் கறுப்பு. அதுக்குள்ள என்ன வச்சிருக்க?"

"ஹாஜ்ஜா, படம் மட்டுந்தான், சத்தியமா..."

"சத்தியமெல்லாம் ஞாயித்துக்கிழமையே கேட்டாச்சு. கம்ப்யூட்டர் எழும்பின பிறகு சொருகி என் மருமக ஸலீமா பாத்துட்டா. படத்தைத் தவிர உள்ள ஒரு சின்ன அறை இருக்காம். பூட்டின அறை. கல்யாணப் படத்துக்குள்ள பூட்டின அறை எதுக்குடி? யாரை உள்ள உக்கார வச்சிருக்க, எட்டிப் பாக்கறதுக்கு?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது ஹாஜ்ஜா!"

"தெரியாதா? சரி. வியாழக்கிழமை என் அண்ணன் பேரன் கல்யாணம். நானூறு பொம்பளைங்க வருவாங்க. நீ கேமராவைத் தூக்கிட்டு வாசல்ல நில்லு. சொல்ல வேண்டியதை நான் அங்க சொல்லிக்கறேன்."

போன் வைத்தாயிற்று. திப்ரா நாற்காலியில் உட்காரவில்லை, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை அந்த வாசலில் ஹாஜ்ஜா ஒரு வார்த்தை சொன்னால் போதும், திப்ராவின் கேமராவும் மற்றப் போன்களோடு பைக்குள் போகவேண்டியதுதான். அடுத்த கல்யாணம் என்று ஒன்று இருக்காது.

வனீசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒரு வீட்டில் எழுப்புகிற ஆள் காணோம். இன்னொரு வீட்டில் யாரென்று தெரியாத ஆள் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறான். இரண்டும் ஒரே வாரம். கணக்குத் தெரியாதவளுக்கும் இது புரியும்.

நோன்பு மாதத்துக்கு முன்னால், திப்ராவின் பழைய சிஸ்டம் டிஸ்க் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தபோது, புதிய டிஸ்க் போட்டுச் சிஸ்டம் ஏற்றிக்கொடுத்தவள் வனீசாதான். சிஸ்டம் ஏற்றும்போது பெட்டிக்குள் வேறு டிஸ்க் எதுவும் இருக்கக்கூடாது. இது அவளே ஊருக்கெல்லாம் சொல்கிற சட்டம். இருந்தால், அந்த எழுப்புகிற சின்ன அறையைக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு எந்த டிஸ்க்கிலாவது கட்டிவிடும். ஆனால் அன்றைக்குக் கரண்ட் வந்தது பதினொரு மணிக்கு, போவது பன்னிரண்டு மணிக்கு. ஹாஜ்ஜா மகளின் கல்யாண டிஸ்க் உள்ளே மாட்டியிருந்தது, அதன் திருகாணி இறுகிப்போய்ச் சுற்ற மறுத்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அறை அந்த டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தவரை எல்லாம் எழுந்தது, எல்லாம் ஓடியது, யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை திப்ரா, அல்லாவைச் சாட்சி வைத்து, எழுப்புகிறவனையே உருவி ஹாஜ்ஜாவின் மடியில் கொடுத்துவிட்டாள்.

வனீசா இதை ஒரே மூச்சில் சொன்னாள், வானிலை சொல்கிற மாதிரி. திப்ரா வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அப்போ நீயா அக்கா?"

"நாந்தான்."

திரைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"வனீசா, நான் ஒண்ணும் கேக்கல," என்றான் இம்ஹம்மது. "ஆனா கேட்டுச்சு. ஒரு யோசனை சொல்லட்டா?"

"கேக்காதவன் என்ன யோசனை சொல்லுவ?"

"திப்ரா பெட்டியைப் பென் டிரைவ் வச்சு நீ கால் மணி நேரத்துல எழுப்பிடுவ. பேட்டரி தீந்துபோச்சுன்னு சொல்லிடு, அது பொய்யும் இல்ல. ஹாஜ்ஜா வீட்டுது பழைய கம்ப்யூட்டர், அதுல வரிசையை மாத்தி வச்சுட்டு வயசாயிடுச்சுன்னு சொல்லிடு. வயசாச்சு, அதுவும் நெசந்தான். யாருக்கு என்ன நட்டம்?"

திப்ரா வனீசாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, சொல்லத்தான் வெட்கம்.

வனீசா தேநீரைக் குடித்து முடித்தாள். அவள் ஒன்றும் வானத்திலிருந்து இறங்கிய நல்லவள் இல்லை. தப்பை ஒப்புக்கொள்வதென்றால் அவளுக்கு வேப்பங்காய். இம்ஹம்மது சொன்னதில் பேட்டரிக்குப் பதில் இருந்தது, பழைய கம்ப்யூட்டருக்குப் பதில் இருந்தது. ஸலீமா கண்ணால் பார்த்த பூட்டின அறைக்குப் பதில் இல்லை. அந்த அறைக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"கெட்டிக்காரன்டா நீ," என்றாள் திரையைப் பார்த்து. "ஆனா பாதிதான் கேட்டிருக்க."

திப்ரா எழுந்தாள். "சரி, முதல்ல என் பெட்டியைச் சரி பண்ணிடு அக்கா. அப்புறம் போவோம்."

"சரி பண்ண மாட்டேன்."

"ஏன்?"

"சரி பண்ணிட்டா அங்க போயி எதைக் காட்டறது? கெட்டது கெட்டபடியே இருக்கட்டும். தூக்கு."

ஹாஜ்ஜா வீட்டில் நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும் என்று விசாரித்துக்கொண்டு, நாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஹாஜ்ஜாவின் மகன் கதவைத் திறந்தான். உள்ளிருந்து குரல் வந்தது: "நீ போய்க் கார்ல உக்காரு! கூப்பிடற வரைக்கும் வராதே!" நாற்பது வயது ஆள், மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தான்.

வரவேற்பறையில் ஹாஜ்ஜா சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். முன்னால் தேநீர்க் கெண்டியைத் தூக்கித் தூக்கி ஊற்றி நுரை கட்டிக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தாலும் வந்தவர்களுக்குத் தேநீர் உண்டு. ஆனால் அன்றைக்குத் தட்டில் வறுத்த பாதாம் வைக்கவில்லை. திப்ரா அதைக் கவனித்தாள்.

"கம்பளத்து மேல வைக்காதே அந்தப் பொணத்தை," என்றாள் ஹாஜ்ஜா. "ஸலீமா, பழைய துப்பட்டி ஒண்ணு விரி. வாடி வனீசா. உனக்கு இங்க என்ன வேலை? இவ சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தாளா?"

"இல்ல ஹாஜ்ஜா. டிஸ்க்கைக் கொண்டு வாங்க. என் கையில தர வேண்டாம், நீங்களே வச்சிருங்க."

ஹாஜ்ஜா கழுத்திலிருந்த சாவியால் பெட்டகத்தைத் திறந்தாள். மகள் மருதாணி நாளில் உடுத்திய பட்டில் சுற்றி, லவங்கமும் நறுமணப் பொடியும் தூவி வைத்திருந்தாள் டிஸ்க்கை. வனீசா அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். டிஸ்க்குக்குப் பொடி ஆகாது. ஆனால் வாயைத் திறக்கிற நேரம் அதுவல்ல.

அந்த வீட்டுத் திரையைத் திப்ராவின் பெட்டியோடு இணைத்து, முதலில் டிஸ்க் இல்லாமல் தட்டினாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஸலீமா படித்துச் சொன்னாள்.

"இப்போ நீங்களே சொருகுங்க ஹாஜ்ஜா. இந்த ஒயரை இங்க, அந்த ஒயரை அங்க."

ஹாஜ்ஜா முக்கிக்கொண்டு குனிந்து சொருகினாள். வனீசா தட்டினாள். பெட்டி எழுந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. திப்ரா வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் திரையில் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் வனீசா.

"பாத்தேன்!" ஹாஜ்ஜாவின் முகம் சிவந்துவிட்டது. "நல்லாப் பாத்தேன்! என் மக கல்யாணத்தைச் சொருகினதும் இவ பெட்டிக்கு உசிரு வருது. அப்போ என் மக இன்னும் இவ பெட்டிக்குள்ளதான் இருக்கா! மிச்சமில்லன்னு சொன்னியேடி, கையைத் தூக்கி அல்லாவைக் கூப்பிட்டியேடி!"

திப்ரா அழ ஆரம்பித்தாள். வனீசா இதை எதிர்பார்க்கவில்லை. டிஸ்க்குக்குப் புரிகிறது மனுஷிக்கும் புரியும் என்று நினைத்துவிட்டாள், அதுதான் அவள் குறை. கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு யோசித்தாள்.

"ஹாஜ்ஜா, நோன்புக்கு எழுப்ப உங்க தெருவுல கொட்டுக்காரன் வருவானா?"

"வருவான். அதுக்கென்ன இப்போ?"

"அவன் வந்து கொட்டினாத்தானே வீடு எழும்பும்? அவன் வரலன்னா?"

"தூங்கிடுவோம். பட்டினி நோன்பு."

"திப்ரா பெட்டி ஒரு தெரு. அதுல சிஸ்டம் ஒரு வீடு. அந்தத் தெருவுக்கு ஒரு கொட்டுக்காரன். அவனுக்கு ஒரு சின்ன அறை கொடுத்துத் தங்க வைக்கணும். எந்த வீட்டை எழுப்பணுமோ அந்த வீட்டுத் திண்ணைலயே தங்க வைக்கணும். அவனைத் தெரியாத்தனமா உங்க மக வீட்டுல தங்க வச்சுட்டாங்க. ரெண்டு வீடும் பக்கத்துல இருந்தவரைக்கும் தெரியல. நீங்க உங்க வீட்டைத் தூக்கிட்டு வந்தீங்க, அவனும் கூடவே வந்துட்டான். திப்ரா வீட்டுல எழுப்ப ஆளில்ல. இங்க உங்க கம்ப்யூட்டர்ல அவன் எழுந்து நின்னு, 'திப்ரா வீடே, எழும்பு'ன்னு கொட்டறான். இங்க அந்தப் பேருல வீடு ஏது? அதான் கறுப்பு."

ஹாஜ்ஜா கெண்டியைக் கீழே வைத்தாள். ஸலீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பூட்டின அறை...?"

"அவன் தங்கற அறை."

"திறந்து காட்டு."

வனீசா திறந்தாள். ஸலீமா கிட்டே போய்க் குனிந்து படித்தாள். "படம் ஒண்ணுமே இல்ல மாமி. எல்லாம் புரியாத எழுத்து. கொஞ்சூண்டு இடம். ஒரு இனிப்புத் தட்டுப் படம்கூட இதுக்குள்ள புடிக்காது."

"ஆளு எங்க?"

"அந்த எழுத்துதான் ஆளு ஹாஜ்ஜா," என்றாள் வனீசா.

ஹாஜ்ஜா திரையிலிருந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். "தங்க வச்சுட்டாங்கன்னு சொன்னியே. யாரு வச்சது? இவளா?"

வனீசா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள்.

"நான் வச்சேன். திப்ராவுக்கு ஒண்ணும் தெரியாது. கரண்ட் போயிடும்னு அவசரம். உங்க டிஸ்க்கைக் கழட்டி வச்சுட்டுத்தான் இவ பெட்டியில சிஸ்டம் ஏத்தியிருக்கணும். கழட்டல."

"அடேயப்பா!" என்றாள் ஸலீமா. "போன வருஷம் நான் என் லேப்டாப்ல இன்னொரு டிஸ்க்கை மாட்டிட்டே சிஸ்டம் ஏத்தினேன்னு உங்ககிட்ட வந்தேனே அக்கா. 'மூளையை மண்டபத்து வாசல்ல பையில போட்டுட்டு வந்தியா'ன்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"இப்போ உங்க மூளை எந்தப் பையில?"

வனீசாவின் காது சிவந்தது. பதில் சொல்லவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஹாஜ்ஜா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "முதல்ல அந்தப் பெட்டிக்கு வேற ஆளைப் போடு," என்றாள்.

வனீசா விழித்திருந்த பெட்டியிலேயே உட்கார்ந்து, சிஸ்டம் டிஸ்க்கின் ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, புதிய அறை கட்டி, புதிய ஆளை உட்காரவைத்தாள். பத்து நிமிஷ வேலை. பெட்டியை அணைத்தாள். ஹாஜ்ஜா தன் கையால் டிஸ்க்கை உருவிக்கொண்டாள். மறுபடி தட்டினார்கள். டிஸ்க் இல்லாமலே எழுந்தது.

"இன்னொரு தரம்," என்றாள் ஹாஜ்ஜா.

இன்னொரு தரம் எழுந்தது.

"இன்னொரு தரம். மூணாவது தரம் பொய் சொல்லாது."

மூன்றாவது தரம் பாதியில் கரண்ட் போய்விட்டது. யாரும் அசையவில்லை. கொல்லையில் மகன் ஓடிப்போய் ஜெனரேட்டரை இழுத்துவிட்ட சத்தம் கேட்டது. விளக்கு வந்தது. தட்டினார்கள். எழுந்தது. ஹாஜ்ஜா தலையை அசைத்தாள். ஸலீமா உள்ளே போய் வறுத்த பாதாமைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சரி," என்றாள் ஹாஜ்ஜா. "இப்போ என் டிஸ்க்ல இருக்கற பழைய ஆளை வெளியே துரத்து."

"முடியாது ஹாஜ்ஜா."

"என்னது?"

"முடியும். ஆனா செய்ய மாட்டேன். படம் இருக்கற டிஸ்க்குல நகல் எடுக்காம நான் கை வைக்கறதில்ல. ஒருதரம் அவசரப்பட்டது போதும். நகல் எடுக்கட்டுமா?"

"நகலா! யாருகிட்ட பேசற? என் மக கல்யாணத்துக்கு நகல் கிடையாது!"

"அப்போ அவனும் கிடக்கட்டும். ஒரு தொல்லையும் பண்ண மாட்டான். உங்க கம்ப்யூட்டர் எழுந்த பிறகு டிஸ்க்கைச் சொருகுங்க. படம் பாத்துட்டுக் கழட்டிடுங்க. அப்படியே வரிசையையும் மாத்தி வச்சுட்டுப் போறேன்."

ஹாஜ்ஜா டிஸ்க்கைப் பட்டில் சுற்றினாள். பாதி சுற்றினவள் நிறுத்தினாள்.

"அடியே. கொட்டுக்காரன்னா ஆம்பளைல்ல?"

திப்ராவுக்குக் கண்ணீரோடு சிரிப்பு வந்துவிட்டது. ஹாஜ்ஜா விடவில்லை.

"நானூறு போனைப் பையில வாங்கிப் போட்டு, பெத்த மகனை வெளியே நிக்க வச்சு, கல்யாணம் பண்ணினேன். நீ நேரா ஒரு ஆம்பளையைக் கொண்டுபோய் மணவறைக்குள்ள குடி வச்சிருக்க. தலை திறந்த பொண்ணுங்க ஆடறாங்க, அவன் உள்ள உக்காந்திருக்கான்!"

வனீசா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "குருடன் ஹாஜ்ஜா."

அதற்கு மேல் ஹாஜ்ஜாவால் முடியவில்லை. சிரித்த சிரிப்பில் தேநீர் துப்பட்டியில் கொட்டியது. காரில் உட்கார்ந்திருந்த மகன் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்து கதவைத் தட்டினான். "போடா! குருடனா இருந்தா வா!" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, திரும்பிப் போய்விட்டான்.

வியாழக்கிழமை திப்ரா கேமராவோடு வாசலைத் தாண்டினாள். ஹாஜ்ஜாவே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஆனால் சொல்ல வேண்டியதை அங்கே சொல்கிறேன் என்றாள் அல்லவா, அதையும் விடவில்லை. பாட்டுக்காரிகள் மூச்சு வாங்கின இடைவெளியில் நானூறு பேர் நடுவே, வனீசா தன் வீட்டில் ஒரு குருட்டுக் கொட்டுக்காரனை மறந்து வைத்துவிட்டுப் போன கதையை முழுசாகச் சொன்னாள். கறுப்புத் திரை, மூன்று தரம், ஜெனரேட்டர், எல்லாம். மறைத்து வைத்த படம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. வனீசாவுக்கும் தப்பு நேரும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை இரண்டு பேர் பின்னறைக்கு வந்து, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த தங்கள் கம்ப்யூட்டர்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வனீசா ஏனென்று கேட்கவில்லை, துடைத்து எடுத்துக் கொடுத்தாள். ஒருத்தி ஒரு மாதம் கழித்து அதே கம்ப்யூட்டரோடு வந்தாள். இன்னொருத்தி வரவேயில்லை. ஸலீமா மட்டும் தன் தோழிகளை அனுப்பிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொருத்தியிடமும் மூளைப் பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி.

இப்போது வனீசா சிஸ்டம் ஏற்றுகிறபோது மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி, வந்தவளின் மடியிலேயே வைத்துவிடுகிறாள். "வேலை முடியற வரைக்கும் புடிச்சுக்கோ, கேட்டாலும் தராதே," என்கிறாள். திருகாணி இறுகியிருந்தால் அடுத்த நாள் வா என்கிறாள். கரண்ட் போனால் போகட்டும்.

அடுத்த நோன்பு பிறந்ததற்கு மறுநாள் காலையில் அவள் போன் அடித்தது. ஒரு முழம் தள்ளி வைத்தாலும் கேட்கிற குரல்.

"வனீசா, எங்க தெருக் கொட்டுக்காரனுக்குக் காய்ச்சலாம்டி. யாரும் எழுப்பல. வீடே பட்டினி நோன்பு. உன் ஆளு ஒருத்தன் என் பெட்டகத்துல சும்மாதானே படுத்திருக்கான்? நாளைக்கு அவனை அனுப்பேன்."

"அவன் கொட்டினா உங்க வீடு எழும்பாது ஹாஜ்ஜா," என்றாள் வனீசா. "திப்ரா வீடுதான் எழும்பும்."

"அதுவும் சரிதான்," என்றாள் ஹாஜ்ஜா. "அவளும் தூங்கிட்டாளாம்."